வெண்டைக்காய்ப் பூவும் வாழைமட்டை வலையும்

பொங்கல் வாழ்த்து இப்போதெல்லாம் செல்போனிலேயே வந்துவிடுகிறது. ஆனாலும் ஊரில் இருக்கும் பெரியவர்களுக்குத் தபாலில் ஒரு அட்டை வந்தால் அந்தச் சந்தோஷமே தனி! நாமே கையால் செய்து அனுப்பலாமே, சகோதரிகளே.

வெண்டைக்காயை நறுக்கிக் கலரில் தொட்டு அச்சுப் போடுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அதையே அட்டை முழுக்கக் குத்தினால் எடுப்பாக இருக்காது. பின்னணிக்கு ஒரு அச்சு, முன்னால் வேறு அச்சு என்று சேர்த்துப் பாருங்கள். ராஜஸ்தானில் சாங்கானேர், பக்ரு ஊர்களில் துணிக்கு அச்சுப் போடுகிறவர்கள்கூட, ஒரே டிசைனுக்குக் கோட்டுக்கு ஒன்று, பின்னணிக்கு ஒன்று, நடுவில் நிறம் நிரப்ப ஒன்று என்று தனித்தனி மரக்கட்டை வைத்திருக்கிறார்கள்.

தேவையானவை: சார்ட் பேப்பர், போஸ்டர் கலர், ஸ்பாஞ்ச் துண்டு, வாழைமட்டை, வெண்டைக்காய்.

வாழைமட்டையைக் குறுக்கே வெட்டினால் வலை பின்னிய மாதிரி கட்டம் கட்டமாகத் தெரியும். நீரைப் பழைய துணியால் ஒற்றி எடுங்கள். வாழைக்கறை பட்டால் துணியிலிருந்து போகாது. ஸ்பாஞ்சில் கலரைக் கெட்டியாகத் தடவி, அதில் மட்டையைத் தொட்டு, முதல் அச்சைப் பழைய பேப்பரில் போட்டுவிடுங்கள். அதிகப்படி கலர் அதில் போய்விடும்.

இனி அட்டைக்கு வருவோம். பொங்கல் பானை உருவத்தைப் பேப்பரில் வெட்டி, அட்டையின் நடுவில் வையுங்கள். அது நகராமல் பிடித்துக்கொண்டு, சுற்றிலும் வெளிர் மஞ்சளில் வாழைமட்டை அச்சைப் போடுங்கள். பேப்பரை எடுத்தால் பானை மட்டும் வெள்ளையாக நிற்கும்! அதற்குள் வாழ்த்தை எழுதலாம்.

பின்னணி நன்றாகக் காய்ந்ததும், பானையின் கழுத்தைச் சுற்றி மாலை மாதிரி வெண்டைக்காய்ப் பூவை அரக்கு நிறத்தில் வரிசையாகக் குத்துங்கள். ஈரத்தில் குத்தினால் இரண்டு கலரும் கலங்கிவிடும்.

மூன்று விஷயம் மறக்க வேண்டாம். பின்னணி வெளிராக, முன்னால் இருப்பது அடர்த்தியாக இருக்கட்டும். ஒன்று பொடி டிசைன் என்றால் மற்றது பெரிதாக இருக்கட்டும். உருளைக்கிழங்கில் எழுத்து செதுக்கினால் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பிச் செதுக்குங்கள்.

எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் அத்தைக்கு என் மகள் இப்படி ஓர் அட்டை அனுப்பினாள். "இது வெண்டைக்காய்தானே!" என்று கண்டுபிடித்துச் சிரித்தாராம். சாமி அலமாரியில் வைத்திருக்கிறார். படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரிகிற வாழ்த்து இது. பொங்கலுக்குப் பத்து நாள் முன்னதாகவே செய்து தபாலில் சேர்த்துவிடுங்கள்!

– ஒரு வாசகி, ஆவடி.