பழைய மடிக்கணினிக்குப் புத்துயிர்

தமிழ்ப்பள்ளியில் அதை 'வன்தட்டு' என்று படித்தேன். தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அதுவே 'சக்கெரா கெராஸ்' ஆயிற்று. பல்கலைக்கழகத்தில் எல்லாரும் 'ஹார்ட் டிஸ்க்' என்கிறார்கள். மூன்று மொழிகளில் பெயர் தெரிந்திருந்தும் அது எப்படி வேலை செய்கிறது என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. 2025 மார்ச் மாதத்தில்தான் அதற்கான கட்டாயம் வந்தது.

என் மடிக்கணினி, 2015-இல் என் அக்காள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கியது. பின்னர் அது என் கைக்கு வந்தது. பொத்தானை அழுத்திவிட்டுக் குளித்து வந்தாலும் திரை தயாராகியிருக்காது. ஒப்படைப்பை அனுப்ப வேண்டிய இரவில் அது அசைவற்று நின்றுவிட, பக்கத்து அறை நண்பரின் கணினியில் பாதியை மீண்டும் தட்டச்சு செய்தேன். மறுநாள் ஒரு கடைக்குக் கொண்டு சென்றேன். கடைக்காரர் திறந்துகூடப் பார்க்கவில்லை. "தம்பி, இது ரொம்பப் பழசு. புதுசு வாங்கிக்கங்க" என்றார். புதியதோ இரண்டாயிரம் ரிங்கிட்டுக்கு மேல். கடனுதவிப் பணம் விடுதிக்கும் உணவுக்குமே சரியாக இருந்தது. தொலைபேசியில் சொன்னதும் அம்மா, "சங்கிலிய அடகு வைக்கட்டுமாய்யா?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் என்னை உலுக்கியது.

நோயைக் கண்டறிதல்

பொறியியல் படிக்கும் என் அறைத் தோழர் ஒரு வழி சொன்னார். விண்டோஸில் 'டாஸ்க் மேனேஜர்' என்ற பகுதியைத் திறந்தால் கணினியின் எந்த உறுப்பு எவ்வளவு உழைக்கிறது என்பது தெரியும். நாங்கள் பார்த்தபோது செயலி பத்து விழுக்காடுகூட வேலை செய்யவில்லை. நினைவகத்திலும் இடம் இருந்தது. ஆனால், வன்தட்டு மட்டும் 100 விழுக்காட்டில் நின்றது. மூளை சும்மா இருக்க, அது கேட்டதை எடுத்துத் தரும் கை மட்டும் திணறிக்கொண்டிருந்தது.

நண்பர்களே, நீங்களும் செலவு செய்வதற்கு முன் இதை முதலில் பாருங்கள். நினைவகம் நிரம்பி வழிந்தால் தேவை கூடுதல் நினைவகம். செயலியே எப்போதும் உச்சத்தில் இருந்தால் வட்டை மாற்றுவதால் பயன் குறைவு. வட்டு மட்டும் திணறினால் மருந்து எளிது.

சுழலும் தட்டும் சுழலாத வட்டும்

'சக்கெரா' என்ற மலாய்ச் சொல்லும் நம் 'சக்கரமும்' வடமொழியின் ஒரே வேரிலிருந்து வந்தவை. வன்தட்டு உண்மையிலேயே ஒரு சக்கரம்தான். காந்தப் பூச்சுள்ள தட்டு உள்ளே சுழல, அதன்மேல் ஒரு சிறு முனை முன்னும் பின்னும் நகர்ந்து தகவலைப் படிக்கிறது. 1956-இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டில் இத்தகைய தட்டுகள் 50 இருந்தன. அவற்றில் அடங்கியவை ஐம்பது இலட்சம் எழுத்துகள்.

என் கணினியின் தட்டு நிமிடத்திற்கு 5400 முறை, அதாவது நொடிக்கு 90 முறை சுழல்வது. வேண்டிய இடம் முனைக்கு நேரே வரச் சராசரியாக அரைச் சுற்று ஆகும். முனை நகரும் நேரத்தையும் கூட்டினால், ஒரு தகவலைத் தேடி எடுக்க ஏறத்தாழ 17 மில்லிநொடி. அப்படியானால் ஒரு நொடியில் அறுபது தேடல்கள்தாம். கணினி விழித்தெழும்போதோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேட வேண்டும். தாமதத்தின் காரணம் இதுவே.

'எஸ்எஸ்டி' எனப்படும் திடநிலை வட்டில் அசையும் உறுப்பு எதுவும் இல்லை. நுண்ணிய அறைகளில் மின்னூட்டமாகத் தகவல் தங்குகிறது. இதற்கு அடிப்படையான ஃபிளாஷ் நினைவகத்தை 1980-களில் தோஷிபா நிறுவனத்தில் உருவாக்கியவர் ஃபுஜியோ மசுவோகா. இதில் ஒரு தேடலுக்கு ஒரு மில்லிநொடியில் பத்தில் ஒரு பங்கு போதும்.

மாற்றும் முறை

வாங்கும் முன் உங்கள் கணினிக்குள் எது பொருந்தும் என்று பாருங்கள். வன்தட்டுள்ள பழைய மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் 2.5 அங்குல 'சாட்டா' வட்டு பொருந்தும். சிலவற்றில் 'எம்.2' எனும் மெல்லிய அட்டைக்கும் இடமுண்டு. அதிலும் சாட்டா, என்விஎம்இ என இருவகை இருப்பதால் தயாரிப்பாளரின் குறிப்பைப் படிப்பது நல்லது. சில மலிவான மெல்லிய கணினிகளில் சேமிப்பகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் மாற்ற முடியாது.

நான் 480 கிகாபைட் வட்டும் யுஎஸ்பி இணைப்புக் கம்பியும் வாங்கினேன். இரண்டும் சேர்த்து 160 ரிங்கிட்டுக்குள் முடிந்தது. இவற்றின் விலை ஏறி இறங்கும் என்பதால் இரண்டு மூன்று கடைகளில் கேளுங்கள். புதிய வட்டைக் கம்பியால் இணைத்து, நகலெடுக்கும் மென்பொருளால் பழையதை அப்படியே படியெடுக்கலாம். பிறகு கணினியை அணைத்து, மின்கலத்தின் இணைப்பைத் துண்டித்து, உலோகம் ஒன்றைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்சாரத்தை நீக்கிக்கொண்டு வட்டை மாற்ற வேண்டும். திருகாணிகளின் நீளம் வேறுபடலாம். ஒரு தாளில் படம் வரைந்து அந்தந்த இடத்திலேயே வைத்தால் குழப்பம் வராது.

நான் இழந்தது

வேலை இவ்வளவு எளிதாக முடியவில்லை. நகலெடுப்பு பாதியில் நின்றது. வட்டின் உடல்நிலையைக் காட்டும் மென்பொருளைப் பிறகுதான் ஓட்டினோம். அது எச்சரிக்கை காட்டியது. என் வன்தட்டு மெதுவாக மட்டும் இல்லை, செத்துக்கொண்டும் இருந்தது.

அதில் என் பாட்டியின் குரல் இருந்தது. சுங்கை சிப்புட் பக்கத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் அவர். நாட்டுப்புற இலக்கியப் பாடத்திற்காக அவர் பாடிய 14 பாடல்களைப் பதிவு செய்திருந்தேன். வேறு எங்கும் படி வைக்கவில்லை. நகலெடுப்பை விட்டுவிட்டு, அந்தக் கோப்புகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தோம். 13 வந்தன. ஒரு தாலாட்டு வரவில்லை.

மறுவாரமே ஊருக்குப் போனேன். பாட்டி சிரித்துக்கொண்டே மீண்டும் பாடினார். ஆனால், முதல்முறை பாடியதில் இருந்த இரண்டு அடிகள் அவருக்கு நினைவுக்கு வரவில்லை. எனக்கும் வரவில்லை.

ஆகவே, முதலில் வட்டின் உடல்நிலையைப் பாருங்கள். அடுத்து, முக்கியமான கோப்புகளை வேறிடத்தில் படியெடுங்கள். அதன் பிறகே திருப்புளியைக் கையில் எடுங்கள். திடநிலை வட்டும் சாகாவரம் பெற்றதன்று. முன்னறிவிப்பின்றி நின்றுவிடவும் கூடும். அதில் அழிந்ததை மீட்பது வன்தட்டைவிடக் கடினம்.

இன்னும் எத்தனை நாள்?

விண்டோஸை அந்த வட்டில் புதிதாகவே நிறுவினோம். இப்போது என் கணினி இருபது நொடியில் எழுந்துவிடுகிறது. ஆனால், புதிய வட்டு எல்லாவற்றையும் தீர்க்காது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-இல் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு, ஒருசில விலக்குகள் தவிர, இன்டெல்லின் எட்டாம் தலைமுறைச் செயலியாவது வேண்டும். என்னுடையது அதற்கு முந்தியது. எனவே இலவசமான லினக்ஸ் மின்ட்டை நிறுவிக்கொண்டேன். தமிழ்99 விசைப்பலகை அதிலும் உண்டு. இக்கட்டுரையை அதில்தான் தட்டச்சு செய்தேன்.

அம்மாவின் சங்கிலி அவர் கழுத்திலேயே இருக்கிறது. பாட்டியின் 13 பாடல்களும் இப்போது மூன்று இடங்களில் இருக்கின்றன. உங்கள் கணினியிலும் வேறெங்கும் இல்லாத ஏதோ ஒன்று இருக்கும். இந்த இதழை மூடி வைத்ததும் அதற்கு ஒரு படி எடுத்துவிடுங்கள்.