நெஞ்சு வலி: ‘காத்து’தான் என்று எப்போது விட்டுவிடக் கூடாது?

இரவு சாப்பாடு முடிந்த சற்று நேரத்தில் நெஞ்சில் ஒரு பிடிப்பு. “காத்து ஏறிக்கிச்சு” என்பதுதான் பெரும்பாலான வீடுகளில் கேட்கும் முதல் வார்த்தை. ஓமத் தண்ணீர், சோடா, கோடாலித் தைலம் என்று ஒவ்வொன்றாக வரும். பல நேரங்களில் வலி அடங்கியும் விடும். அந்தப் பழக்கத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது. ஒருநாள் வருவது மாரடைப்பாக இருந்தாலும், அதற்கும் முதலில் ஓமத் தண்ணீரே கிடைக்கிறது.

ஏன் இந்தக் குழப்பம்?

வாயிலிருந்து இரைப்பைக்கு உணவைக் கொண்டு செல்லும் உணவுக்குழாய், மார்புக்குள் இதயத்திற்குப் பின்புறமாக அதை ஒட்டியே இறங்குகிறது. இரண்டிலிருந்தும் வலியைக் கொண்டு செல்லும் நரம்புகள் முதுகுத் தண்டில் ஏறக்குறைய ஒரே பகுதிக்குத்தான் போய்ச் சேர்கின்றன. அதனால் வலி எங்கிருந்து வருகிறது என்று மூளையால் துல்லியமாகப் பிரிக்க முடிவதில்லை. இரண்டையுமே ‘நெஞ்சு வலி’ என்றுதான் நாம் உணர்கிறோம்.

உணவுக்குழாய் வலி எப்படி இருக்கும்?

இரைப்பை அமிலம் மேலேறி உணவுக்குழாயைச் சுடுவதுதான் நெஞ்செரிச்சல். வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகு, எண்ணெய்ப் பலகாரம் அல்லது காரம் மிகுந்த உணவுக்குப் பிறகு, குனியும்போது, சாப்பிட்டவுடன் படுக்கும்போது இது அதிகமாகும். மேல் வயிற்றில் தொடங்கி தொண்டை நோக்கி எரிச்சல் ஏறும். வாயில் புளிப்போ கசப்போ தட்டும். விழுங்கும்போது வலிக்கலாம். எழுந்து உட்கார்ந்தால் சற்றுக் குறையும்.

சிலருக்கு உணவுக்குழாய்த் தசைகள் திடீரென இறுகிக்கொள்ளும். அந்த வலி நெஞ்சைப் பிசைவது போலவே இருக்கும். மாரடைப்பிலிருந்து அதைப் பிரித்தறிவது மருத்துவர்களுக்கே கடினம்.

இதய வலி எப்படி இருக்கும்?

இது பெரும்பாலும் எரிச்சலாக இல்லாமல் அழுத்தமாகத் தெரியும். நெஞ்சின் நடுவில் பாரம் வைத்தது போல, கயிற்றால் இறுக்கியது போல இருக்கும் என்பார்கள். இடது கை, இரு தோள்கள், கழுத்து, தாடை, முதுகு என்று பரவலாம். குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், தலைசுற்றல், குமட்டல் சேர்ந்து வரலாம்.

மேடு ஏறும்போது, பால்மரம் வெட்டும்போது, செம்பனைக் குலை தூக்கும்போது வந்து, ஓய்வெடுத்தால் சில நிமிடங்களில் அடங்கும் வலி, இதய இரத்தக் குழாய் சுருங்கியிருப்பதன் அடையாளமாக இருக்கலாம். அடங்கிவிட்டது என்று விடாமல் விரைவில் கிளினிக்கில் காட்ட வேண்டும். ஓய்வெடுத்தும் அடங்காமல் நீடித்தால் அதை மாரடைப்பு என்றே எண்ணிச் செயல்பட வேண்டும்.

ஏமாற்றும் மூன்று ‘சோதனைகள்’

முதலாவது, ஏப்பம் விட்டதும் அல்லது காஸ்திரிக் மருந்து குடித்ததும் வலி குறைந்தால் அது இதயம் இல்லை என்பது. மாரடைப்பு வலியும் இடையில் குறைந்து மீண்டும் வரலாம். மாரடைப்பிலும் குமட்டல், வாந்தி, மேல் வயிற்று வலி வருவதுண்டு.

இரண்டாவது, நாக்கின் அடியில் வைக்கும் இதய மாத்திரைக்கு வலி குறைந்தால் அது இதய வலியே என்பது. அந்த மாத்திரை இறுகிய உணவுக்குழாய்த் தசையையும் தளர்த்தும்.

மூன்றாவது, ஒருமுறை எடுத்த இ.சி.ஜி. சரியாக இருந்தால் கவலை இல்லை என்பது. மாரடைப்பின் தொடக்கத்தில் இ.சி.ஜி. இயல்பாகவே இருக்கலாம். அதனால்தான் மருத்துவமனையில் இ.சி.ஜி.யைத் திரும்ப எடுக்கிறார்கள். இதயத் தசை பாதிக்கப்பட்டால் இரத்தத்தில் கூடும் ‘திரோப்போனின்’ என்ற புரதத்தைச் சில மணி நேர இடைவெளியில் மறுபடியும் அளக்கிறார்கள். “ஏன் இவ்வளவு நேரம் காக்க வைக்கிறார்கள்?” என்று பாதியில் எழுந்து வந்துவிடாதீர்கள்.

நமக்கு ஏன் கூடுதல் கவனம்?

2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. நீண்டகால நீரிழிவு நரம்புகளைப் பாதிப்பதால், மாரடைப்பு வந்தாலும் வலி சரியாகத் தெரியாமல் போகலாம். வெறும் அசதி, மூச்சு வாங்குதல், வியர்வை, ‘வயிறு சரியில்லை’ என்ற உணர்வு மட்டுமே இருக்கும். பெண்களுக்கும் முதியவர்களுக்கும் இப்படி நேர்வதுண்டு. “அம்மாவுக்குச் சும்மா காஸ்திரிக்தான்” என்று வீட்டார் முடிவு செய்துவிடக் கூடாது.

என்ன செய்ய வேண்டும்?

வீட்டில் இருந்தபடி இது எந்த வலி என்று கண்டுபிடிப்பது உங்கள் வேலையல்ல. இதய வலியின் அறிகுறிகள் இருந்தாலோ, வலி ஓய்விலும் அடங்காவிட்டாலோ, உடனே 999ஐ அழையுங்கள். நோயாளியை நடக்க விடாமல் உட்கார வையுங்கள். தானே கார் ஓட்டிப் போவதும், மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு போவதும் வேண்டாம். அவர் உண்ணும் மருந்துகளையும் ஒவ்வாமையையும் அழைப்பில் சொல்லுங்கள். ஆஸ்பிரின் கொடுக்கலாமா என்று அவர்களையே கேளுங்கள்.

தோட்டத்தில் இருப்பவர்கள் பாதையை முன்பே யோசித்து வைப்பது நல்லது. எந்த நுழைவாயில், எந்த லயம், பக்கத்தில் என்ன அடையாளம் என்று தெளிவாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் சாலை முனையில் நின்று ஆம்புலன்ஸுக்கு வழிகாட்டட்டும். இரத்தக் குழாய் அடைபட்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கிறது.

இதயத்தில் கோளாறு இல்லை என்று உறுதியான பிறகுதான் உணவுக்குழாயின் முறை வருகிறது. படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிடுவது, கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்துவது, உடல் எடையைக் குறைப்பது, புகைப்பதை நிறுத்துவது ஆகியவை உதவும். ஆனால் விழுங்க முடியாமை, காரணமில்லாத எடைக் குறைவு, இரத்த வாந்தி, கறுத்த மலம் இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

மருத்துவமனைக்குப் போய் “வெறும் காத்துதான்” என்று திரும்பி வருவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த வார்த்தையை மருத்துவர் சொல்லட்டும்.