கணிப்பொறி எழுதும் நாள்வழி: அதைப் படிப்பவர் யார்?

ஒரு சங்கத்தின் நேர்மையை அளந்தறிய அதன் நாள்வழியும் பேரேடும் போதும் என்பது பழைய கூட்டுறவாளர் கொள்கை. நூல் சிப்பம் எத்தனை வந்தது, எந்த நெசவாளருக்கு எவ்வளவு பாவும் ஊடையும் கொடுக்கப்பட்டன, திரும்பி வந்த துணி எத்தனை மீட்டர், கூலி எவ்வளவு, சிக்கன நிதிக்குப் பிடித்தம் எவ்வளவு என்பன யாவும் அன்றன்றே எழுதப்படல் வேண்டும். விவசாயிகள் சங்கத்திலும் உரம், விதை, பயிர்க்கடன் ஆகியவற்றின் கணக்கு அவ்வாறே எழுதப்படுகிறது. தணிக்கையாளர் வந்து கேட்கும்போது, காரியதரிசியின் வாய்மொழியைவிட ஏட்டிலுள்ள ஒரு வரியே வலிமையுடையது.

இன்று அந்த ஏடுகள் கணிப்பொறிக்குள் புகுந்துவிட்டன. 2022 ஜூன் மாதத்தில் மத்திய மந்திரி சபை, ஏறத்தாழ 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணிப்பொறி மயமாக்கும் திட்டத்துக்கு இசைவளித்தது. “கணிப்பொறி வந்தபின் கணக்கில் பிழையோ திருட்டோ நேராது அன்றோ?” என்று அங்கத்தினர் சிலர் கேட்கின்றனர். பிழை குறையும் என்பது மெய். ஆனால் திருடன் பூட்டை உடைத்து உள்ளே வர வேண்டிய தேவை நீங்கிவிட்டது. அவன் கடல் கடந்த நாட்டிலிருந்தே சங்கத்தின் கணக்கைத் தொட இயலும். அவனைக் கண்டறியும் வழி யாது என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

கணிப்பொறியின் நாட்குறிப்பு

கணிப்பொறி நாம் எழுதச் சொல்லும் கணக்கை மட்டும் எழுதுவதில்லை. நாம் கேளாமலே வேறொரு குறிப்பையும் அது எழுதி வருகிறது. எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்தப் பெயருடையவர், எந்த இடத்திலிருந்து உள்ளே நுழைந்தார். எதைத் திறந்தார், எதை மாற்றினார், எதை அழித்தார். கடவுச்சொல்லை எத்தனை முறை தவறாகக் கொடுத்தார் என்பன அதில் வரி வரியாகப் பதிகின்றன. இக்குறிப்புக்கு ‘லாக்’ என்று பெயர். கப்பலின் வேகத்தை அளக்க மாலுமிகள் கயிற்றில் கட்டிக் கடலில் எறிந்த மரக்கட்டைக்கு அப்பெயர் இருந்தது. பின்னர் அவ்வேகத்தைக் குறித்த ஏட்டுக்கும், அதன்பின் கணிப்பொறியின் நாட்குறிப்புக்கும் அது வழங்கலாயிற்று.

இக்குறிப்பு திருடனைத் தடுக்கும் பூட்டன்று. வரப்பு மண்ணில் பதிந்த காலடி போன்றது. காலையில் வயலுக்குச் செல்பவன் வரப்பைக் குனிந்து பார்த்தால், இரவில் யார் வந்தனர், எத்திசையில் சென்றனர் என்பது விளங்கும். பாராவிடின், அடுத்த மழையில் அடையாளம் கரைந்துபோம்.

75 சென்டில் கிடைத்த துப்பு

இதற்கு மிகச் சிறந்த சான்று 1986-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நிகழ்ந்தது. கலிபோர்னியாவிலுள்ள லாரன்ஸ் பெர்க்லி ஆராய்ச்சிக் கூடத்தில் கணிப்பொறியைப் பயன்படுத்துவோரிடம் கட்டணம் கணக்கிடப்பட்டு வந்தது. கிளிஃபோர்டு ஸ்டால் என்ற வானியல் அறிஞர் அங்குக் கணிப்பொறிப் பணிக்கு வந்து சேர்ந்திருந்தார். இரு வேறு கணக்குகளை ஒப்பிட்டபோது 75 சென்ட் வேறுபாடு தென்பட்டது. ஒரு டாலர்கூட இல்லாத தொகை! “போகட்டும்” என்று விட்டிருந்தால் எவரும் குறை கூறியிருக்கமாட்டார்.

அவர் விடவில்லை. ஆராய்ந்தபோது, கட்டணம் செலுத்தும் முகவரியே இல்லாத ஒரு பெயரில் யாரோ கணிப்பொறியைச் சில வினாடிகள் பயன்படுத்தியிருப்பது புலனாயிற்று. வந்தவன் கணிப்பொறியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்றக் கூடியவன். ஆதலால் அதன் உள்ளே எழுதப்படும் குறிப்பை அவனே அழித்துவிடலாம் என்பதை ஸ்டால் உணர்ந்தார். எனவே வெளியிலிருந்து வரும் தொலைபேசி இணைப்புகளில் அச்சுப் பொறிகளைப் பொருத்தினார். உள்ளே நுழைந்தவன் தட்டிய ஒவ்வோர் எழுத்தும் காகிதத்தில் அச்சாயிற்று. அவன் கை அக்காகிதத்தை எட்டவில்லை. ஏறத்தாழ ஓராண்டு பொறுமையாகப் பின்தொடர்ந்ததன் பயனாக, மேற்கு ஜெர்மனியின் ஹனோவர் நகரிலிருந்த மார்க்குஸ் ஹெஸ் என்பவன் அகப்பட்டான். அமெரிக்க இராணுவக் கணிப்பொறிகளில் புகுந்து திரட்டிய செய்திகளை அவனும் அவன் கூட்டாளிகளும் சோவியத் உளவுத் துறைக்கு விற்று வந்தனர்.

இதனால் அறியத்தக்கவை இரண்டு. சிறிய வேறுபாட்டையும் புறக்கணியாமை ஒன்று. குறிப்பைத் திருடன் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தல் மற்றொன்று.

வாயடைத்த அச்சுப் பொறி

இவ்விரண்டாவது படிப்பினையை மறந்தால் நேர்வது யாதென்பதை 2016 பிப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கி கண்டது. அவ்வங்கியின் கணிப்பொறிகளில் புகுந்தோர், நியூயார்க் பெடரல் ரிசர்வ் வங்கியிலிருந்த அதன் பணத்தைப் பல இடங்களுக்கு அனுப்புமாறு 35 உத்தரவுகள் விடுத்தனர். மொத்தத் தொகை ஏறத்தாழ 95 கோடி டாலர். அனுப்பும் பணத்துக்குச் சான்றாக அச்சுப் பொறியில் தானே அச்சாகி வர வேண்டிய தாள்கள் அன்று வரவில்லை. திருடர் விட்டுச் சென்ற நச்சு நிரல் குறிப்புகளை மாற்றி, அச்சையும் தடுத்துவிட்டது. ஊழியரோ பொறியில் ஏதோ பழுது என்று கருதினர்.

ஐந்து உத்தரவுகள் நிறைவேறிவிட்டன. இலங்கைக்குச் சென்ற 2 கோடி டாலர், பணம் பெறுவோர் பெயரிலிருந்த எழுத்துப் பிழையால் ஐயம் எழுந்து நிறுத்தப்பட்டு மீண்டது. பிலிப்பைன்ஸுக்குச் சென்ற 8 கோடியே 10 லட்சம் டாலரில் ஒரு சிறு பகுதியே மீட்கப்பட்டது. வழக்கமாக வரும் குறிப்பு ஒருநாள் வாராதிருப்பின், அதுவே ஒரு பெரிய குறிப்பு என்பதை நாம் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

கூட்டுறவு வங்கிக்கு நேர்ந்தது

“இவை பெரிய நாடுகளின் பெரிய வங்கிகள், நமக்கென்ன?” என்பார்க்கு விடையாக நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்றுண்டு. புனே நகரிலுள்ள காஸ்மாஸ் கூட்டுறவு வங்கி 1906-இல் தோன்றிய பழமையான நிறுவனம். 2018 ஆகஸ்ட் 11-ஆம் நாள், போலி அட்டைகளைக் கொண்டு 28 நாடுகளில் சில மணி நேரத்துக்குள் அவ்வங்கியின் பணம் எடுக்கப்பட்டது. ஆகஸ்ட் 13-ஆம் நாள் மேலும் ஏறத்தாழ ரூ. 14 கோடி ஹாங்காங்குக்கு அனுப்பப்பட்டது. மொத்த இழப்பு ரூ. 94 கோடிக்கு மேல்.

திருடர் கையாண்ட முறை கவனிக்கற்பாலது. பணம் கேட்கும் இயந்திரத்துக்கும் வங்கியின் மூலக் கணக்குக்கும் இடையே இருந்து விடையளிக்கும் பொறியை அவர்கள் ஏமாற்றினர். “பணம் கொடுக்கலாமா?” என்ற கேள்வி மூலக் கணக்குக்குச் செல்லாமலே, போலிப் பொறி ஒன்று “கொடுக்கலாம்” என்று விடையளித்தது. ஆகவே மூலப் பேரேடு அமைதியாக இருந்தது, பணம் வெளியேறிக்கொண்டிருந்தது. கிடங்கிலிருந்து நூல் வெளியே சென்றுகொண்டிருக்க, இருப்புப் புத்தகத்தில் மட்டும் நூல் குறையாதிருப்பது போன்ற நிலை இது. இத்தகைய களவை வெளிப்படுத்தவல்லது இரு வேறு குறிப்புகளை உடனுக்குடன் ஒப்பிடும் கண்காணிப்பேயாகும்.

அதே ஆண்டு பிப்ரவரியில், கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியிலிருந்தும் திருடர் மூன்று போலி உத்தரவுகளை வெளிநாட்டுக்கு அனுப்பினர். தொகை ஏறத்தாழ 20 லட்சம் டாலர். மறுநாட் காலையில் கணக்கை ஒப்பிட்டுப் பார்த்த ஊழியர் அதனைக் கண்டுபிடித்தனர். உடனே செய்தி பறந்தது. துபாய்க்கென அனுப்பப்பட்ட 5 லட்சம் டாலர் வழியிலேயே தடுக்கப்பட்டது. நாள்தோறும் ஒப்பிடும் பழைய வழக்கம் வீண்போகவில்லை.

ஒலித்த மணியைக் கேளாமை

குறிப்பு இருந்தும் பயனின்றிப் போவதுமுண்டு. அமெரிக்காவின் டார்கெட் என்னும் பெருங்கடை நிறுவனத்தில் 2013 நவம்பர் மாதம் திருடர் புகுந்தனர். குளிர்சாதனப் பணி செய்து வந்த ஓர் ஒப்பந்தக்காரரின் கடவுச்சொல்லே அவர்களுக்கு வாயில் திறந்தது. நிறுவனம் பெரும்பொருள் செலவிட்டு அமைத்த கண்காணிப்புக் கருவி தன் கடமையைச் செய்தது, எச்சரிக்கை விடுத்தது. அன்றாடம் வந்து குவியும் எச்சரிக்கைகளோடு அதுவும் ஒன்றாகக் கிடந்தது. நடவடிக்கை எடுக்கப்படவில்லை. டிசம்பரில் அரசாங்கம் அறிவித்த பின்னரே நிறுவனம் விழித்தது. அதற்குள் 4 கோடி வாடிக்கையாளரின் அட்டை விவரங்கள் களவாடப்பட்டிருந்தன.

கருவி வாங்குவது எளிது. அது கூறுவதைக் கேட்பதற்கு ஓர் ஆளை நியமிப்பதே கடினம், இன்றியமையாததும் அதுவே.

எவற்றைக் கவனித்தல் வேண்டும்?

ஒரு சிறு சங்கத்தின் கணிப்பொறிகூட ஒரு நாளில் ஆயிரக்கணக்கான வரிகளை எழுதலாம். அவை அனைத்தையும் ஒருவர் படித்தல் இயலாது, வேண்டுவதும் இல்லை. பின்வருவனவற்றை மட்டும் நாள்தோறும் நோக்கினால் போதும்:

1. சங்கம் மூடியிருக்கும் இரவு நேரத்திலும் விடுமுறை நாளிலும் நிகழ்ந்த நுழைவு.

2. கடவுச்சொல் பலமுறை தவறி, பின்னர் ஒருமுறை சரியாக அமைந்த நுழைவு.

3. நிர்வாக சபை அறியாமல் புதிதாகச் சேர்க்கப்பட்ட பெயர். அல்லது ஒருவருக்குத் திடீரென உயர்த்தப்பட்ட அதிகாரம்.

4. வழக்கத்துக்கு மாறாக வெளியே சென்ற பெருந்தொகையான தகவல்.

5. நச்சு நிரல் தடுப்பு நிறுத்தப்பட்ட நேரம்.

6. குறிப்பே இல்லாத இடைவெளி.

இவற்றுள் ஒவ்வொன்றும் குற்றமென்று முடிவு செய்தல் ஆகாது. ஆண்டுக் கணக்கு முடிக்கும் மார்ச் மாதத்தில் குமாஸ்தா இரவு பத்து மணிக்கும் வேலை செய்திருக்கலாம். கேட்டுத் தெளிந்து, அத்தெளிவையும் எழுதி வைத்தல் வேண்டும்.

ஒருவருக்கு ஒரு சாவி

நம் சங்கங்களில் பரவலாக உள்ள ஒரு வழக்கத்தை ஈண்டுக் குறிப்பிடாதிருக்க இயலவில்லை. காரியதரிசியின் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதிக் கணிப்பொறியின் ஓரத்தில் ஒட்டிவைத்து, எல்லாரும் அதனையே பயன்படுத்துகின்றனர். வேலை விரைவாக நடக்கிறது என்பது இதற்குக் கூறப்படும் காரணம். இதனால் நாட்குறிப்பு முழுவதும் பயனற்றுப் போகிறது. நகைக் கடன் கணக்கில் ஒரு தொகை மாற்றப்பட்டால், மாற்றியவர் காரியதரிசி என்றே குறிப்பு கூறும். மாற்றியவர் எவராயினும் பழி ஒருவர்மேல் விழும். பெரும்பாலும் எளியவர் மேலேயே விழும்.

ஒவ்வோர் ஊழியருக்கும் தனிப் பெயரும் தனிக் கடவுச்சொல்லும் இருப்பின், உண்மையாக உழைப்பவருக்கு அந்நாட்குறிப்பே சாட்சியாக நிற்கும். ஊழியரை வேவு பார்ப்பதற்காக ஏற்பட்டதன்று இது. நேர்மையானவரைக் காப்பதற்காகவே ஏற்பட்டது. எவை பதிவாகின்றன, அவற்றை யார் படிப்பார் என்பதை ஊழியருக்கு முன்னரே அறிவித்தலும் நிர்வாக சபையின் கடமையாகும்.

சட்டம் கூறுவது

இந்திய அரசின் கணிப்பொறி அவசர நிலைக் குழுவாகிய ‘செர்ட்-இன்’, 28-4-2022 அன்று ஆணை ஒன்று பிறப்பித்தது. அதன்படி நிறுவனங்கள் தங்கள் கணிப்பொறி நாட்குறிப்புகளை 180 நாட்கள் காத்து வைத்தல் வேண்டும். ஆணையில் கூறப்பட்ட வகைத் தாக்குதல் நேர்ந்ததை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அறிவித்தல் வேண்டும். எல்லாப் பொறிகளின் கடிகாரங்களும் ஒரே நேரம் காட்டுமாறு செய்தல் வேண்டும். ஒரு பொறி பத்து நிமிஷம் முந்தியும் மற்றொன்று பிந்தியும் காட்டினால், எது முன், எது பின் என்று வழக்கு மன்றத்தில் மெய்ப்பிக்க இயலாது.

தாக்குதலை அறிந்தவுடன் பொறியைத் துடைத்துப் புதிதாக அமைப்போர் பலர். அது காலடி பதிந்த மண்ணைத் தாமே பெருக்கிவிடுவதாகும். இணைப்பைத் துண்டித்து, பொறியை அப்படியே வைத்து, அறிந்தவரை அழைப்பதே முறை. பணம் களவு போயிருப்பின் 1930 என்ற தொலைபேசி எண்ணுக்குத் தாமதமின்றித் தெரிவித்தல் வேண்டும். ஓ.டி.பி. எண்ணை ஏமாந்து பிறருக்குச் சொல்லிவிட்ட அங்கத்தினருக்கும் இதுவே வழி. வெட்கத்தால் ஒரு நாள் மறைத்தால் பணம் மீளும் வாய்ப்புக் குறைந்துவிடும்.

கூடிச் செய்யத்தக்க காரியம்

“இவ்வளவுக்கும் எங்கள் சங்கத்தில் ஆளுமில்லை, பொருளுமில்லை” என்று கூறுவது நியாயமே. 2024 ஜூலை இறுதியில், கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராம வங்கிகளுக்கும் கணிப்பொறிச் சேவை அளித்துவந்த ஒரு நிறுவனம் தாக்கப்பட்டபோது, ஏறத்தாழ 300 சிறு வங்கிகளின் பணப் பரிமாற்றம் தற்காலிகமாகத் தடைப்பட்டது. சிறியவர் பலர் ஒருவரையே நம்பியிருக்கும் காலம் இது. ஆகவே அச்சேவை நிறுவனத்தைக் கேள்வி கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு: எங்கள் நாட்குறிப்பு எங்கே இருக்கிறது? அதன் மறுபடி வேறிடத்தில் உள்ளதா? அதை நாள்தோறும் படிப்பவர் யார்? ஐயம் தோன்றினால் யாருக்கு, எத்தனை மணிக்குள் தெரிவிப்பார்?

தனியொரு நெசவாளரால் நூல் சிப்பம் மொத்தமாக வாங்க இயலாதென்றுதான் சங்கம் தோன்றிற்று. அவ்வாறே தனியொரு சங்கத்தால் நியமிக்க இயலாத கண்காணிப்பாளரைப் பத்துச் சங்கங்கள் சேர்ந்து, மாவட்ட மத்திய வங்கியின் துணையோடு நியமிக்கலாம். அதுவரையில், நிர்வாக சபை தன் உறுப்பினர் ஒருவரைப் பெயர் குறித்து இப்பொறுப்பில் அமர்த்தி, மாதந்தோறும் அவரது அறிக்கையைக் கூட்டக் குறிப்பில் பதியச் செய்யலாம். அடுத்த மகாசபையில் வரவு செலவு படிக்கப்பட்டபின், அங்கத்தினர் ஒருவர் எழுந்து, “கணிப்பொறியின் நாள்வழியைப் படிப்பவர் யார்?” என்று கேட்பாராக. விடையாக ஒரு பெயர் வருமாயின், அச்சங்கத்தின் பணத்துக்குக் காவல் உண்டு என்று துணியலாம்.