சிக்கன் பப்ஸில் சிக்கன் எவ்வளவு?

மணலி புதுநகர் பேக்கரிகளில் மாலைப் பசிக்குப் பலரும் வாங்குவது சிக்கன் பப்ஸ். ‘கறி இருக்கிறதே, பிள்ளைகளுக்குச் சத்து’ என்று நினைத்து வாங்குவோரும் உண்டு. ஆனால் பப்ஸின் அடுக்குகள் மைதாவும் வனஸ்பதி அல்லது மார்ஜரினும் சேர்ந்தவை. உள்ளே வைக்கும் கறி கொஞ்சம்தான். அதனால் மாவுச்சத்தும் கொழுப்பும் அதிகம், புரதம் குறைவு.

பாக்கெட்டில் அடைத்து விற்றால் லேபிளைப் படியுங்கள். எடை அதிகமுள்ள பொருளையே முதலில் எழுத வேண்டும் என்பது விதி. மைதா முதலிலும் கோழி பின்னாலும் இருந்தால் விஷயம் புரிந்துவிடும். சோடியம் 400 மில்லி கிராம் என்றால் உப்பு 1 கிராம். பெரியவர்களுக்கே நாளொன்றுக்கு 5 கிராமுக்கு மேல் உப்பு கூடாது.

ஓர் அவித்த முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் கிடைக்கும். வீட்டில் கோழி வளர்ப்பவர்கள் முட்டை முழுவதையும் விற்றுவிடாமல், பிள்ளைகளுக்கும் எடுத்து வையுங்கள்.