செக்: ஒரு ராஜாவின் பிள்ளைகள்

எதிர்க்கட்சிக்கு 'செக்' வைத்தார் என்று பேப்பரில் தலைப்புப் போடுகிறார்கள். வீட்டு வாடகைக்கு செக் எழுதுகிறோம். கேஸை மூடினோமா என்று படுக்கப்போகும் முன் செக் பண்ணுகிறோம். மாவட்ட எல்லையில் செக்போஸ்ட், ஜவுளிக்கடையில் செக் சட்டை. ஆளுக்கொரு வேலை பார்த்தாலும் எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். குடும்பத்துக்கு மூத்தவர் ஒரு பாரசீக ராஜா.

பாரசீகத்தில் 'ஷா' என்றால் அரசன். ஷாஜகானிலும் பாதுஷாவிலும் இருக்கிற அதே ஷா. இந்தியாவின் சதுரங்கம் பாரசீகம் போய், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பாவுக்குள் நுழைந்தது. எதிராளியின் ராஜாவுக்குக் குறி வைத்தவர் 'ஷா!' என்று குரல் கொடுப்பார். ராஜாவைப் பார்த்துக்கொள் என்று எச்சரிக்கை. அந்தக் குரல் பழைய பிரெஞ்சில் 'எஸ்செக்' ஆகி, ஆங்கிலத்துக்கு வந்தபோது தலையை இழந்து 'செக்' ஆனது. அதே பிரெஞ்சுச் சொல்லின் பன்மைதான் 'செஸ்'. ஸ்பானியர்கள் ஆட்டத்தை 'அஹெத்ரெஸ்' என்கிறார்கள். அதில்தான் நம் சதுரங்கம் அரபு வேஷத்தில் ஒளிந்திருக்கிறது.

செக்மேட் என்றால் 'ராஜா செத்தார்' என்று பலரும் சொல்வார்கள். அரபு மொழியை வைத்துப் பார்த்தால் அப்படித்தான் வரும். பாரசீகத்திலோ 'மாத்' என்பதற்குத் திகைத்தவன், போக்கிடம் இல்லாதவன் என்று பொருள். எனக்கு இதுதான் பொருத்தமாகப் படுகிறது. சதுரங்கத்தில் ராஜாவை யாரும் வெட்டுவதே இல்லையே!

ராஜாவுக்கு ஆபத்து வந்துவிட்டால் ஆடுபவர் மற்ற திட்டங்களை எல்லாம் அப்படியே நிறுத்தியாக வேண்டும். ஆகவே செக் என்பதற்கு முதலில் 'தடுத்து நிறுத்து' என்ற பொருள் வந்தது. பிறகு 'கட்டுக்குள் வை', அதிலிருந்து 'சரிபார்'. செக்போஸ்ட்டில் பழைய பொருளும் புதிய பொருளும் சேர்ந்தே நிற்கின்றன: முதலில் வண்டியை மறிப்பார்கள், அப்புறம் டிக்கியைத் திறக்கச் சொல்வார்கள்.

பேங்க் செக்கின் கதையில் ஒரு மேஜையும் வருகிறது. 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், முதலாம் ஹென்றி காலத்திலிருந்து, ஷெரிஃப்கள் அரச வருவாயைக் கொண்டுவந்து கணக்கு ஒப்படைத்தார்கள். எண்களோ ரோமன் எண்கள்; அவற்றை வைத்துக் கூட்டிக் கழிப்பது பெரும்பாடு. அதனால் சுமார் 10 அடி நீளம், 5 அடி அகல மேஜையில் கோடு போட்ட துணியை விரித்து, கட்டங்களில் வில்லைகளை நகர்த்திக் கணக்குப் பார்த்தார்கள். பவுண்டுக்கு ஒரு வரிசை, ஷில்லிங்குக்கு ஒன்று, பென்னிக்கு ஒன்று. பார்ப்பதற்குச் சதுரங்கப் பலகை போல இருந்ததால் மேஜைக்கு 'எக்ஸ்செக்கர்' என்று பெயர். அரசப் பொருளாளர் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் 1170களில் இதைப் பற்றி லத்தீனில் ஒரு புத்தகமே எழுதினார். பொருளாளரும் ஷெரிஃபும் மேஜையில் மோதுவது இரண்டு ராஜாக்களின் சண்டை போல என்கிறார். வரி அலுவலகத்துக்குக் கணக்கு நோட்டோடு போய் உட்கார்ந்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள். பிரிட்டனின் நிதியமைச்சர் இன்றும் அந்த மேஜையின் பெயரால்தான் 'சான்சலர் ஆஃப் த எக்ஸ்செக்கர்'.

பணம் கொடுக்கச் சொல்லும் தாளுக்கு 'செக்' என்ற பெயர் 18ஆம் நூற்றாண்டில் வந்தது. முதலில் அது தாளைக் குறிக்கவில்லை, கிழித்த பின் கையில் மிஞ்சும் கவுன்டர்ஃபாயிலைக் குறித்தது. மோசடியைத் தடுக்க, சரிபார்க்க அது உதவியதால் செக். பிறகு பெயர் தாளுக்குத் தாவிவிட்டது. எக்ஸ்செக்கரின் சாயலில் எழுத்தையும் ஆங்கிலேயர் மாற்றிக்கொண்டார்கள். நாமும் அவர்கள் வழி. அமெரிக்கர்கள் பழைய எழுத்தையே வைத்திருக்கிறார்கள். அங்கே ஹோட்டல் பில்லுக்கும் செக் என்றுதான் பெயர். நம் 'காசோலை' இந்த வம்பு எதிலும் சிக்காமல் அழகாக நிற்கிறது.

துணிக்கு வந்த கதை சின்னது: சதுரங்கப் பலகையின் கட்டம் துணியில் ஏறியது, அவ்வளவுதான். நம் ஊர் நெசவாளர்கள் நெய்த கட்டம்போட்ட பருத்தித் துணி 'மெட்ராஸ்' என்ற பெயரிலேயே ஆங்கில அகராதியில் இருக்கிறது. 1960களில் அமெரிக்காவில் அதன் மவுசு உச்சத்தில் இருந்தது. துவைத்தால் சாயம் போகும்; அதையே 'பிளீடிங் மெட்ராஸ்' என்று சொல்லி விற்றார்கள்.

இந்தக் குடும்பத்தில் சேராதவர்களும் உண்டு. செக் குடியரசின் செக், அந்த மக்களின் சொந்தப் பெயர். கோவைச் சிறையில் வ.உ.சி. இழுத்த செக்கு தமிழ்ச் சொல். அதற்கும் பாரசீக ராஜாவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.