திரை போட்ட ஏரி

கனடாவின் ஒண்டாரியோ மாகாணக் காட்டுக்குள் ஓர் ஏரி இருக்கிறது. பெயர் கிடையாது, 226 என்ற எண்தான். எட்டு வடிவில் நடுவே குறுகிய அந்த ஏரியை, 1973இல் டேவிட் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் கனத்த வினைல் திரை போட்டு இரண்டாகத் தடுத்தார்கள். இரு பக்கமும் நைட்ரஜன் உரமும், கார்பனுக்காகச் சர்க்கரையும் கலந்தார்கள். ஒரு பக்கத்தில் மட்டும் பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். சில வாரங்களில் அந்தப் பக்கம் பச்சைப்பசேலென்று பாசி பிடித்தது. திரைக்கு இந்தப் பக்கம் நீர் கருநீலமாகவே கிடந்தது. வானிலிருந்து எடுத்த அந்தப் படத்துக்கு விளக்கமே தேவைப்படவில்லை.

அப்போது அமெரிக்காவும் கனடாவும் பங்கிடும் ஈரி ஏரியைப் பாசி மூடிக்கொண்டிருந்தது. பாசி மடிந்து அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோகும், மீன் பிழைக்காது. சலவைத்தூளிலுள்ள, பாஸ்பரஸ் அடங்கிய பாஸ்பேட்தான் காரணம் என்றார்கள் ஆய்வாளர்கள். சோப்புத் தொழில்துறையோ கார்பனைக் கைகாட்டியது.

உண்மையில் கார்பன் குறைந்தால் பாசி அதைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. பக்கத்திலுள்ள 227ஆம் ஏரியில் கார்பன் சேர்க்காமலே பாசி பெருகியது. நைட்ரஜனையும் நீலப்பச்சைப் பாசிகள் சில காற்றிலிருந்தே பிடித்துக்கொள்ளும். பாஸ்பரஸுக்கு மட்டும் காற்றில் அப்படியொரு கையிருப்பு இல்லை. அது நிலத்திலிருந்து வந்தாக வேண்டும். ஆகவே மனிதன் கைவைத்து அடைக்கக்கூடிய வழி அது ஒன்றுதான். இயற்கை நமக்கு விட்டுவைத்த இந்த ஒற்றைப் பிடி எத்தனை பெரிய வாய்ப்பு!

திரை போடுவதற்கு முந்தைய ஆண்டே, 1972இல், இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தன. சலவைத்தூளில் பாஸ்பேட்டைக் குறைத்தார்கள், கழிவுநீரைச் சுத்திகரித்தார்கள். ஈரிக்குள் வரும் பாஸ்பரஸ் பாதிக்கும் மேல் குறைந்தது, ஏரி தேறியது.

ஆனால் 1990களுக்குப் பின் பாசி திரும்பிவந்தது. இம்முறை மக்காச்சோளமும் சோயாவும் விளையும் வயல்களின் உரம், மழைநீரோடு, ஈரியில் கலக்கும் மௌமீ ஆற்றில் இறங்கியது. 2014 ஆகஸ்டில், ஈரியிலிருந்து நீர் எடுக்கும் டொலிடோ நகரின் குடிநீரில் பாசி நஞ்சு கலந்தது. நான்கு லட்சம் பேருக்குக் குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று அறிவிப்பு வந்தது. கொதிக்கவைத்தும் பயனில்லை, நீர் வற்றி நஞ்சு இன்னும் செறிவாகும்.

கழிவுநீர்க் குழாய்க்கு ஒரு வாய்தான். வயல்களோ ஆயிரக்கணக்கானவை. உரத்தை மேலே தூவாமல் மண்ணுக்குள் வைக்க வேண்டும், மழை வரும் நேரத்தில் இடக் கூடாது என்பது தெரிந்த வழிதான். 226ஆம் ஏரியில் பாஸ்பரஸை நிறுத்தியதும் நீர் தெளிந்தது. ஈரியும் தெளியும், வயல்காரர்களின் செலவில் இரு அரசுகளும் பங்கேற்றால்.