ஞாயிறு பள்ளி ஆசிரியருக்கு என்ன செய்யலாம்?

ஆண்டு விழாவில் ஒரு சால்வை, கொஞ்சம் கைத்தட்டல். பல சபைகளில் ஞாயிறு பள்ளி ஆசிரியருக்குக் கிடைக்கும் மரியாதை இவ்வளவுதான், அது போதாது. 1780-இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் ஏழைப் பிள்ளைகளுக்கு இத்தகைய பள்ளி தொடங்கியபோது, கற்பித்த பெண்களுக்கு ஞாயிறுதோறும் ஒரு ஷில்லிங் கொடுத்தார். சம்பளமில்லாத ஊழியமாக இது மாறியது பிறகுதான். 1853-இல் மிஷனரிகளான ஸ்கடர் குடும்பத்தார் தொடங்கிய ஆற்காடு மிஷன் வேரூன்றிய, ஆந்திராவின் சித்தூர்ப் பகுதியில் இந்த வேலை இன்னும் கடினம். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை பள்ளியில் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ படிக்கிறது. சித்தூரிலும் திருப்பதியிலும் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் தமிழில் வேதம் சொல்லித்தருபவர், கதையோடு எழுத்தையும் சேர்த்தே கற்பிக்க வேண்டியிருக்கிறது.

ஊழியத்துக்குப் பலன் தேவனிடம்தான், மனிதர் பாராட்டு எதற்கு என்பார்கள். அந்த நம்பிக்கையை மதிக்கிறேன். ஆனால் அது ஆசிரியர் தமக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியது. சபை தன் கடமையைத் தட்டிக்கழிக்கச் சொல்வதல்ல. வாரம் ஒரு மணி நேரத்தில் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களும் உண்டு. நான்கு வயதில் சேரும் குழந்தை பத்தாண்டு தொடர்ந்து வந்தால் அது ஐந்நூறு மணி நேரத்தை எட்டும். ஆகவே சால்வையோடு பயிற்சியும், படப்புத்தகத்துக்குப் பணமும், வராந்தாவுக்குப் பதில் ஓர் அறையும் கொடுங்கள். எல்லா ஞாயிறும் அவரே நிற்காதபடி துணைக்கு இன்னொருவரையும் சேர்த்துவிடுங்கள்.